தராசு அக்காவின் ‘தெரியாது’

அந்தச் சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளை ஓடத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் பேச வேண்டியதை உருளை ஓடுவதற்கு முன்பே பேசிவிடுவது அங்கே வழக்கம். மேற்பார்வை பார்க்கிற அக்கா காலையில் சுவிட்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். எந்த ஓட்டல் துணி அனுப்புவதை நிறுத்திவிட்டது, எந்தப் பேச்சு வெறும் புரளி என்று எல்லாவற்றையும் போட்டு உடைப்பாள். தெரியாததைத் தெரியாது என்பாள். அப்புறம்தான் சுவிட்சைத் தட்டுவாள்.

தராசு என்று அவளுக்குப் பெயர் வைத்ததே அங்கே துணி மடிக்கிற பெண்கள்தான். கேலியாக வைத்த பெயர், போகப் போக மரியாதையாகிவிட்டது. ஒரு தடவை பாய்லர் பழுதாகி நின்றபோது மேனேஜர் நாளைக்குச் சரியாகிவிடும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று மழுப்பிக்கொண்டிருந்தார். தராசு மட்டும், பாய்லர் இப்போதைக்கு வராது, பாதிப் பேருக்குத்தான் வேலை, முறை வைத்து வாருங்கள் என்று நேராகச் சொன்னாள். முணுமுணுத்தார்களே தவிர ஒருத்தியும் வேலையை விட்டுப் போகவில்லை.

அவளுடைய நாத்தனாரும் அங்கேதான் வேலை பார்த்தாள். கட்டினவன் கைவிட்டுப் போனபிறகு மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். உருளையிலிருந்து வரும் படுக்கை விரிப்பை இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி பிடித்து மடிக்க வேண்டும். ஆள் குறைந்த நாட்களில் அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து மடித்தால் கண்ணை மூடிக்கொண்டு மடிக்கலாம், அவ்வளவு ஒட்டு. ஆனால் வீட்டில் வேலைப் பேச்சு மட்டும் கூடாது. எல்லாருக்கும் சொல்லும்போதுதான் உனக்கும் சொல்வேன் என்று தராசு கறாராகச் சொல்லிவிட்டாள். நாத்தனாருக்கு அதில் பெருமை வேறு. எங்க அண்ணி சொந்தம் பார்க்க மாட்டாங்க என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள், பாவி மகள்.

ஒருநாள் மேனேஜர் தராசைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, கையிலிருக்கிற பெரிய ஒப்பந்தம் முடிந்ததும் கூடத்தை மூடப்போகிறோம் என்றார். இப்போதே சொன்னால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள், ஒப்பந்தம் கெடும், அப்புறம் யாருக்கும் கணக்குப் பணம்கூடத் தேறாது என்றார். இன்னொரு கிளையில் மேற்பார்வைக்கு ஆள் வேண்டியிருக்கிறது என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைத்தார்.

“நான் பொய் சொன்னதில்ல சார்.”

“பொய் சொல்லச் சொல்லலையே. கேட்டா தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

அந்த ஆள் முட்டாள் இல்லை. இத்தனை வருஷம் அவள் சேர்த்து வைத்த நம்பிக்கையைச் சல்லிக்காசு செலவில்லாமல் வாங்கிக்கொண்டார். எல்லாருடைய நன்மைக்காகத்தான் என்று தராசு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த இன்னொரு கிளையைப் பற்றி மட்டும் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

புரளி எப்படியோ கிளம்பிவிட்டது. ஒரு காலையில் எல்லாரும் சுவிட்சைச் சுற்றி நிற்க, நாத்தனார்தான் வாயைத் திறந்தாள்.

“அண்ணி, மூடப்போறாங்கன்னு பேசிக்கறாங்க. எனக்கு ஆஸ்பத்திரி சலவையில வேலை தரேன்னு சொல்றாங்க. திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். போகவா, இருக்கவா?”

வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே படுக்கிறவள், தராசு போட்ட சட்டத்தை மதித்து, ஊரறியக் கேட்டாள்.

“மூடுறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றாள் தராசு. சொல்லிவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் சுவிட்சைத் தட்டினாள்.

அண்ணிக்கே தெரியவில்லை என்றால் அது வெறும் புரளிதான் என்று நாத்தனார் முடிவு கட்டினாள். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் வரவில்லை என்று சொல்லியனுப்பினாள். வேறு இடம் தேடிக்கொண்டிருந்த இன்னும் சிலரும் அவளைப் பார்த்துத் தேடுவதை விட்டுவிட்டார்கள்.

ஒப்பந்தம் முடிந்த மறுநாள் கேட்டில் பூட்டு தொங்கியது. மேனேஜர் வரவில்லை. தேறும் என்று அவர் சொன்ன பணமும் வரவில்லை. நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று தராசுக்குப் போன் மட்டும் வந்தது. தெருவில் நின்று சொன்னாள். யாரும் கத்தவில்லை. ஒருத்தி மட்டும், உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள்.

“ரெண்டு மாசமா தெரியும்,” என்றாள் தராசு. யாருக்கும் உதவாத நேரத்தில் அந்த நேர்மை திரும்பி வந்தது. நாத்தனார் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தாள். ஆஸ்பத்திரி வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டிருந்தது. மகளின் பள்ளிக்கூடமும் அந்த வருஷத்தோடு நின்றது.

தராசு புதுக் கிளையில் சேர்ந்தாள். இவங்க பேச்சைக் கேட்டா ஜனங்க கலையாம நிப்பாங்க என்று மேனேஜரே கூட வந்து அறிமுகப்படுத்தினார். அவள் தலையாட்டினாள்.

வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நாத்தனார் இப்போதும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள், தட்டில் சோறு வைக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை தராசு மாடியிலிருந்து இறங்கி வந்து, “மழை வருது, துணியெல்லாம் எடுத்துடலாம், வா,” என்றாள். அவள் தலைமுடி நனைந்திருந்தது, தோளிலும் ஈரம்.

நாத்தனார் அவளைப் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

“மாடிக்குப் போய் மழை பெய்யுதான்னு பாத்துட்டு வந்து சொல்லு.”