சனிக்கிழமைப் பாதிரியார்

கோர்னெலுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று ஹோட்டல்காரர்கள் கேட்கவே இல்லை. உயரம் என்ன, கண் என்ன நிறம், சனி ஞாயிறு ஓய்வா என்றுதான் கேட்டார்கள். மூன்றும் பொருந்தின. அங்கி கொடுத்தார்கள், சிலுவை கொடுத்தார்கள், ஒரு மத்தியானம் உட்காரவைத்துக் கல்யாணம் நடத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஜப்பானின் தொயாமா வளைகுடாவைப் பார்த்து நிற்கும் அந்த ஹோட்டலின் கண்ணாடிக் கல்யாணக் கோயிலில் அவர்தான் பாதிரியார். சினிமாவில் பார்த்த வெள்ளைக்காரக் கல்யாணம் மாதிரியே வேண்டும் என்று வருகிறவர்களுக்காகக் கட்டியது அது.

வாரநாட்களில் அவர் அதே கரையிலுள்ள ஹிமி என்ற ஊரின் மீன் சந்தையில் குளிர்பதனப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவர். பிறந்தது ருமேனியாவில். அப்பா கம்யூனிஸ்ட் கட்சிக்கார வாத்தியார்; மகனைத் தேவாலய வாசலில் கண்டால் தோலை உரித்துவிடுவார். மகன் அந்தப் பக்கமே போகாமல் வளர்ந்து, சரக்குக் கப்பலில் மெக்கானிக்காகச் சேர்ந்து, குடல்வால் வீங்கிப்போய் இந்தக் கரையில் இறக்கிவிடப்பட்டார். கப்பல் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்த இகுயோ, "இந்த நீளத்துக்கு ஒரு கிண்ணக் கஞ்சி எந்த மூலைக்கு?" என்று இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணம் செய்துகொள்ள அதைவிடப் பெரிய காரணம் இருவருக்கும் தேவைப்படவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கோர்னெலின் பேச்சு அசல் ஹிமி மீனவன் பேச்சு. ஹோட்டலுக்கு அதுதான் தலைவலி. மேலாளர் இனாபா முதல் வாரமே அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கோர்னெல் சார், தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் தப்பாப் பேசுங்க."

"எதைத் தப்பாப் பேசணும்?"

"எல்லாத்தையும்தான். நீங்க ஆசீர்வாதம் பண்ணினா மீன் ஏலம் விடற மாதிரி இருக்கு. நேத்துதான் வந்து இறங்கின மாதிரி திக்கித் திக்கிப் பேசுங்க. அப்பதான் வர்றவங்களுக்கு நம்பிக்கை வருது."

ஆகவே சனிக்கிழமைகளில், "நீ... இந்தப் பெண்... என்றும்... அன்பு... செய்வாயா?" என்று பிறந்த குழந்தைபோலத் திணறுவார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் சந்தையில் நின்று, "இந்தக் கணவாய்க்கா இந்த விலை? நேத்துச் செத்தது அது!" என்று சண்டை போடுவார்.

முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற பாதிரியார் ஒருவரும் பக்கத்திலேயே இருந்தார். பெயர் நெல்சன் உவேஹாரா. பிரேசிலில் பிறந்து, அங்கேயே வேதம் படித்தவர். ஆனால் தாத்தா ஜப்பானிலிருந்து பிழைக்கப் போனவர், அதனால் முகம் ஜப்பானிய முகம். அதே ஹோட்டலில் வேலை கேட்டுப் போனபோது, "பாதிரியார் மாதிரி இல்லையே" என்று மரியாதையாகக் குனிந்து வணங்கி அனுப்பிவிட்டார்கள். இப்போது அலுமினிய ஜன்னல் ஆலையில் வேலை. ஞாயிறுதோறும் வாடகை அறையொன்றில் தன் ஊர்க்காரர்களுக்கு ஜெபம். கோர்னெலுக்கு நெருங்கிய சிநேகிதர்.

"என் வேலையை நீ பாக்குற. என் பாவத்தையும் நீயே சுமந்துக்கோ," என்பார் நெல்சன்.

இந்த நிலையில்தான் கோர்னெலின் ஒரே மகள் சிஹோவுக்குக் கல்யாணம் கூடிவந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு விளையாட்டு விழாவுக்கு முன்னால் சிஹோ சொன்னாள்: "அப்பா, நீ உள்ள வராதே. நான் ஓடும்போது எல்லாரும் என்னை விட்டுட்டு உன்னையே பாக்குறாங்க." அன்று கோர்னெல் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். அடுத்த வருஷமும் அப்படித்தான். அவள் மறந்திருக்கலாம், அவர் மறக்கவில்லை. சனிக்கிழமைதோறும் யார் யாரோ அப்பாக்கள் மகளைக் கைப்பிடித்து நடத்திக் கூட்டிவருவதை எதிரே நின்று பார்க்கிறவர் அவர். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வாசலிலிருந்து எல்லோர் முன்னாலும் சிஹோவின் பக்கத்தில் நடந்து வரவேண்டும். வேறு எந்த ஆசையும் அவருக்கு இல்லை.

இரு குடும்பமும் சந்திக்கும் விருந்துக்கு மாப்பிள்ளை தகுமாவின் அம்மா ஒகினோ அம்மாள் யோகோஹாமாவிலிருந்து வந்திருந்தாள். பெண்ணின் அப்பா வெளிநாட்டுக்காரர் என்று அவளுக்குத் தெரியும்; எந்த வெளிநாட்டுக்காரர் என்பதுதான் தெரியாது. பையிலிருந்து ஹோட்டலின் படப் புத்தகத்தை எடுத்து விரித்தாள்.

"கல்யாணம் இங்கதான்னு இந்தப் படத்தைப் பாத்ததுமே முடிவு பண்ணிட்டேன். இந்தப் பாதிரியார் முகத்துல என்ன ஒரு தெய்வீகம்!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். எதிரே அந்தத் தெய்வீகம் கத்தரிக்காய் ஊறுகாயை மென்றுகொண்டிருந்தது.

"சம்பந்தி! நீங்களா!"

"வாரநாள்ல ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றேம்மா," என்றார் கோர்னெல்.

"எவ்வளவு எளிமை!" என்று ஒகினோ அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கோர்னெல் என்ன சொல்லியும் எடுபடவில்லை. தான் பெண்ணோடு நடக்க வேண்டும், கல்யாணத்தை நெல்சன் நடத்தட்டும் என்றார். அடுத்த வாரம் ஹோட்டலில் பேச்சு நடந்தபோது நெல்சனையும் கூட்டிப்போனார். ஒகினோ அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்ல மனுஷராத்தான் தெரியறார். ஆனா எங்க தெருத் தபால்காரர் மாதிரி இருக்காரே. நாங்க கேட்டது உண்மையான பாதிரியார்."

"படத்துல இருக்கிறதைக் கொடுக்கலைன்னா அது எங்க மேல தப்பு," என்றார் இனாபா. பிறகு அவர் முகம் பிரகாசமானது. "ஒண்ணு செய்யலாமே! கோர்னெல் சார் பாதிரியாரா நிக்கட்டும். நெல்சன் சார் அப்பாவா நடக்கட்டும். பாக்க அப்பா மாதிரியேதான் இருக்கார். போட்டோவுல எல்லாரும் அவங்கவங்க இருக்க வேண்டிய இடத்துல இருப்பாங்க."

கோர்னெல் மகளைப் பார்த்தார். சிஹோ தேநீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மேசையைப் புரட்டியிருப்பார். அவள் சொல்லவில்லை. வேலிக்கு வெளியே நின்று பழகிய மனிதர், "சரி" என்றார்.

வீட்டில் இகுயோ வெடித்தாள். "பொண்ணுக்கு அப்பனை வாடகைக்குப் பிடிக்கிற கூத்து எங்கயாவது உண்டா? உங்களுக்குன்னு நீளக் கையா வச்ச கோட்டு சொல்லி வச்சிருக்கேன், அதை என்ன பண்றது?"

"நெல்சனுக்குக் குடு."

"அவர் முட்டி வரைக்கும் கை தொங்கும்!"

அப்படியே தொங்கியது. கல்யாண நாளன்று கோயில் கதவு திறந்தபோது, நெல்சன் விரல் நுனிகூட வெளியே தெரியாமல் கறுப்புக் கோட்டில் முங்கி நின்றார். அவர் கையைத் தேடிப் பிடித்தபடி வெள்ளை உடுப்பில் சிஹோ. தூரத்தில், மேடையில், கண்ணாடிக்கு அப்பால் தெரியும் கடலுக்கு முன்னால், அங்கியோடு கோர்னெல். ஆர்கன் முழங்கியது.

சிஹோ நடக்கவில்லை. ஆர்கன் வாசித்த பெண் திரும்பிப் பார்த்துவிட்டு முதலிலிருந்து வாசித்தாள். அப்போதும் நடக்கவில்லை. கோர்னெல் தன் வேலைக்குரிய குரலில் கூப்பிட்டார்: "நீ... பயம்... வேண்டாம்... வருவாய்..."

"அப்பா, ஒழுங்காப் பேசு!" என்றாள் சிஹோ. கோயில் முழுக்கக் கேட்டது. "அன்னிக்கு உன்னை வேலிக்கு வெளிய நிக்கச் சொன்னேன்ல? போன மாசம் வாயை மூடிட்டு இருந்தேனே, அதுவும் அதேதான். இப்ப எல்லாரும் பாக்கட்டும். இங்க வாப்பா. நெல்சன் மாமா, நீங்க அங்க போங்க."

"வந்துட்டேன் புள்ள!" ஹிமி சந்தைக் குரல் கண்ணாடியை அதிரவைத்தது. அங்கியைத் தொடை வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கோர்னெல் ஓடினார். பின்வரிசையில் இருந்த மீன் சந்தைக்காரர்கள் கைதட்டினார்கள். பிறகு பாதிரியார் மணப்பெண்ணை நடத்திக் கூட்டிவந்தார், அழுதுகொண்டே வந்தார். மேடையில் தொங்கும் கைகளோடு காத்திருந்த நெல்சன், ஹோட்டல் கொடுத்த தாளைப் புரட்டவே இல்லை. அத்தனை வருஷமாகத் தான் படித்து வைத்திருந்ததை அமைதியாகச் சொல்லி ஜெபித்தார். இகுயோவோடு சேர்ந்து இனாபாகூட மூக்கை உறிஞ்சினார்.

கிளம்பும்போது ஒகினோ அம்மாள் இனாபாவிடம் சொன்னாள்: "எல்லாம் அருமை. அந்த ரெண்டாவது பாதிரியார்தான் கொஞ்சம் போலியாத் தெரிஞ்சார்."

அடுத்த சனிக்கிழமை இனாபா கோர்னெலிடம், அப்படி அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதை வாராவாரம் செய்ய முடியுமா என்று கேட்டார்.

குளிர்காலம் வந்தது. கடலில் இடி இடித்தது, அதன் பின்னாலேயே ஹிமிக்குப் பேர்வாங்கிக் கொடுத்த பெரிய புரி மீன் வந்து இறங்கியது. மகளைக் கட்டிக்கொடுத்த முதல் வருஷம் சம்பந்தி வீட்டுக்கு முழு புரி அனுப்பாவிட்டால் ஹிமியில் தலைகாட்ட முடியாது. கோர்னெல் விடியலிலேயே ஏலத்துக்குப் போய், நான்கு பேரோடு சண்டை போட்டு, கொழுத்ததாக ஒன்றை எடுத்து, பனிக்கட்டி போட்டு யோகோஹாமாவுக்கு அனுப்பினார். மறுநாள் போன் வந்தது.

"சம்பந்தி, குழந்தை சைஸுல ஒரு மீன் வந்திருக்கு! ருமேனியாவுல இப்படி ஒரு வழக்கமா? ரொம்ப சுவாரசியமா இருக்கே!"

"ருமேனியாவுல ஏதும்மா புரி? இது ஹிமி வழக்கம். பாதியை வெட்டி நீங்க வச்சுக்கணும். மீதிப் பாதியை இங்க திருப்பி அனுப்பணும்."

"ஓ, காணிக்கையா? பாதிரியாருக்கா?"

"இல்லம்மா," என்றார் கோர்னெல். "பொண்ணோட அப்பாவுக்கு."