அப்பா எழுதாத கட்டுரை

எந்த ஆய்விதழ் வந்தாலும் சித்ரலேகா கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பாள். கட்டுரை என்ன சொல்கிறது என்பதெல்லாம் அப்புறம். அதன் வாலில் பொடி எழுத்தில் இருக்கும் மேற்கோள் பட்டியலில் முதலில் விரல் ஓட வேண்டும். கல்யாணப் பத்திரிகை வந்ததும் முகூர்த்த நேரத்தைப் பார்க்காமல், சொந்தக்காரர் வரிசையில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்படித் தேடாதவர்கள் வேண்டுமானால் இவளைப் பார்த்துச் சிரிக்கலாம்.

"மேடம், இன்னைக்கு எந்த ஊருல ஒங்க கட்டுரைய எடுத்துக்காட்டியிருக்கான்?" என்று கல்லூரி நூலகர் கார்த்திகேசன் கேட்பார்.

"கனடாவுல" என்பாள், பைய. அன்று முழுக்க வகுப்பில் அவள் குரல் ஒரு படி ஓங்கியிருக்கும்.

பாளையங்கோட்டைக் கல்லூரியில், ஆசிரியராகப் போகிறவர்களுக்குக் கல்வி உளவியல் நடத்துகிறாள். பஸ்ஸில் போனாலும் யார் எதை மறந்துவிட்டு இறங்குகிறார்கள் என்பதில்தான் கண். "மறதின்னு தனியா ஒண்ணும் கெடையாது, கேட்டியளா. கவனம் வேற எங்கனயோ போயிருக்கு, அம்புட்டுதான்" என்று குடையைத் தொலைத்தவரிடமே போய்ச் சொல்வாள். குடையைத் தொலைத்தவருக்கு அது எப்படி இருக்கும்!

அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது மேலப்பாளையத்து ஆய்வு. பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை அவள் நம்பவில்லை. ஆபிதா பீவி என்பவர் வீட்டு முற்றத்தில் ஸ்டாப்வாட்சோடு போய் உட்கார்ந்தாள். "பரீட்சைன்னு சொல்லிப் பிள்ளையளப் பயங்காட்டிராதீய டீச்சர்" என்றார் அந்த அம்மாள், இலை சுருட்டிக்கொண்டே. கை பீடி சுற்றிக்கொண்டிருக்க, காதால் கேட்ட பாடத்தைப் பிள்ளைகள் ஒரு வாரம் கழித்தும் பிசகாமல் சொன்னார்கள். அதையே புத்தகத்தைத் திறந்து படிக்கச் சொன்னால் தூங்கி விழுந்தார்கள். மந்தமில்லை, அசதி என்று எழுதினாள்.

முனைவர் பட்டம் வாங்கியதும் அந்தத் தடித்த ஆய்வேட்டை அப்பாவிடம் நீட்டியிருந்தாள். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஞானசம்பந்தன், அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏளா, இத எவன் படிக்கப் போறான்?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். மனதில் பட்டதைச் சொல்கிற மனிதர், வேறொன்றுமில்லை. ஆனாலும் அவளுக்கு வலித்தது. அந்த வலிதான் அவளைக் கடைசிப் பக்கத்துக்கு விரட்டுகிறது.

இதில் ஒரு கூத்து நடந்துபோயிற்று. கட்டுரையை வெளிநாட்டு இதழுக்கு அனுப்பியபோது, உன் பெயர் ஒரு கட்டத்தில், குடும்பப் பெயர் இன்னொரு கட்டத்தில் என்று கேட்டிருந்தார்கள். நம் ஊரில் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? இருந்தது ஓர் இனிஷியல். அதை விரித்து அப்பா பெயரை எழுதிவிட்டாள். அவர்கள் வழக்கத்தில் மேற்கோள் காட்டுவது குடும்பப் பெயரைத்தான். ஆக, எந்த நாட்டில் எவர் எடுத்துச் சொன்னாலும், பீடி சுற்றும் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த அறிஞர் ஞானசம்பந்தன்தான்.

சிரித்துக்கொண்டு விட்டிருப்பாள். ஆனால் போன மாதம் ரீடர் என்னும் மேல்பதவிக்கு விண்ணப்பித்தாள். அவளுடைய கட்டுரைகளை யார் யார் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் தேர்வுக்குழு முடிவெடுக்கும். "எல்லாத்துலயும் வேற பேருல்லா இருக்கு, மேடம்" என்று இழுத்தார் அலுவலகக் கண்காணிப்பாளர் கருத்தையா. "ஒங்க அப்பாவே 'நான் எழுதல'ன்னு ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்துட்டாருன்னா சோலி முடிஞ்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை விக்கிரமசிங்கபுரம் போனாள். 'கீழ்க்கண்ட கட்டுரைகள் என் மகள் எழுதியவை, நான் எழுதியவை அல்ல' என்று எழுதி எடுத்துப் போயிருந்தாள். ஞானசம்பந்தன் பேனாவைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்தார். வாசித்தவர் நிமிர்ந்தார்.

"எம்பேரையா போட்டிருக்கானுவ?"

"ஆமாப்பா. எல்லா ஊருலயும்."

"அத்தன பேரும் இதப் படிச்சிருக்கானா?"

படிக்காமலே எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். "படிச்சிருக்காங்கப்பா" என்றாள்.

அவர் தாளை மடியில் வைத்தார். "நான் எழுதலன்னு எழுதிக் கேக்கே. என்ன எழுதியிருக்குன்னே தெரியாம எப்படிளா கையெழுத்துப் போடுவேன்?"

"இங்கிலீஷுப்பா. பெரிய கட்டுரை."

"நீ தமிழ்ல சொல்லேன். எனக்கு இப்ப என்ன சோலி?"

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பக்கத்து நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த நாற்காலியைத் தன்னருகே இழுத்துப் போட்டார்.