நாற்பத்தோராம் கேள்வி: மணி இருக்கிறதா?

முதியோர் இல்லங்களின் தரத்தைச் சோதிப்பது என் வேலை. தேதியைக் கடிதத்தில் எழுதி அனுப்பிவிட்டுத் திருடனைப் பிடிக்கப் போகிற போலீஸ்காரர் எங்கேயாவது இருந்தால் அவருக்கு அடுத்தபடி நான்தான். மாமியார் வருவதாக ஃபோன் வந்த பிறகு வீட்டைக் கூட்டுகிறவர்களுக்கு இந்தத் தொழிலைப் பற்றி நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

கையில் அறுபது கேள்விகள் கொண்ட படிவம். இல்லம், ஆந்திராவில் வடமாலபேட்டையைத் தாண்டி. சித்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் என்னையே அங்கே சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

வடை நாள்

மேலாளர் சுதாகர் "ரண்டி சார், ரண்டி" என்று தெலுங்கில் வாசலிலேயே வரவேற்றார். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் தட்டிலும் வடை, பாயசம், அப்பளம். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அன்றைக்கு ரசம் சாதம். நான் பட்டியலைப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சுதாகர் அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டார். மனிதர் கொஞ்சம் அகலம். திங்கள் முதல் ஞாயிறு வரை மறைந்துவிட்டது.

நகரிப் பக்கத்து விவசாயி முனுசாமி, வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு மூன்றாவது வடையில் இருந்தார். சாப்பாடு திருப்தியா என்று படிவப்படி கேட்டேன். "அதெல்லாம் வுடு சார். மாசம் ஒருவாட்டி வந்துகினு போனா இன்னா? நீ வந்தாத்தான் நாங்க வடை துன்றோம்."

கசங்காத விரிப்பு

அடுத்தது பெண்கள் அறை. கட்டில்களில் புத்தம்புது விரிப்புகள், கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. விரிப்பு சுத்தமா என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் எஸ்தர் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மிஷன் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். போன மாதம் பாத்ரூமுக்குத் தனியாகப் போய் விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆனவர். ஏன் நாற்காலியில் இருக்கிறீர்கள், படுக்கலாமே என்றேன்.

"காலையிலேர்ந்து உக்காந்துகினு இருக்கேன் சார். படுத்தா விரிப்பு கசங்கிடுமாம். நீங்க பாத்து முடிச்சிட்டீங்கன்னா நான் படுத்துக்கலாமா?"

உட்கார்ந்து பார்த்தது

டீச்சரைப் படுக்கவைத்த பிறகு நாற்பத்தோராம் கேள்விக்கு வந்தேன். கட்டிலருகே அழைப்பு மணி உள்ளதா? தலைமாட்டிலேயே இருந்தது. அமுக்கினேன். வராந்தாவில் கணீரென்று அடித்தது. டிக் போடப் போன கையை டீச்சர் பிடித்துக்கொண்டார். "அவசரப்படாதீங்க. உக்காருங்க" என்றார். அறுபது வயதைத் தொடப் போகிற நான் கணக்கு டீச்சருக்குப் பயந்து உட்கார்ந்தேன்.

சுதாகர் பதிவேடு எடுக்க ஆபீசுக்குப் போயிருந்தார். ஐந்து நிமிடம் போயிற்று, பத்து போயிற்று. பணியாளர்கள் எல்லாரும் சமையலறையில் எனக்கு வடை பார்சல் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டாம் நிமிடத்தில் வராந்தாவில் டக் டக் என்று சத்தம். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவருகே நின்றவர் முனுசாமி. "இன்னா டீச்சரம்மா, பாத்ரூமா? தோ, ஆள இட்டாறேன்" என்று திரும்பப் போனார். அந்த இல்லத்தில் மணி வேலை செய்கிற விதம் இதுதான். டீச்சர் விழுந்த அன்று முனுசாமி கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாராம். போன வருஷம் இதே கட்டத்தில், உட்காராமல் நின்றபடியே டிக் போட்டுவிட்டுப் போனவன் நான். வெட்கமாக இருந்தது.

டீச்சர் என் கையை விட்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை முனுசாமியை அவர் மகன் சூளூர்பேட்டைக்குக் கூட்டிக்கினு போறான். அப்புறம் இந்த மணிக்கு யார் வருவாங்கன்னு உங்க ஃபாரத்துல கேள்வி இருக்கா சார்?"

பெயர்ப்பலகை

நாற்பத்தொன்றில் 'இல்லை' என்று எழுதினேன். அந்த ஒரு 'இல்லை' விழுந்தால் முதல் தரம் போய்விடும். சுதாகரோ 'முதல் தரம்' என்று பலகையே எழுதி வைத்திருந்தார், மாட்ட ஆணிகூட அடித்தாயிற்று. வராந்தாவில் எந்நேரமும் ஓர் ஆள் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுங்கள், சொல்லாமல் வந்து பார்ப்பேன் என்றேன். வடைப் பார்சலையும் திருப்பிக் கொடுத்தேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் நிஜமாகவே மனம் நொந்துபோனார். "மணி உந்தி கதா சார், இருக்குதில்ல. நல்லாத்தானே அடிக்குது. யாரும் வரலன்னா அது மணியோட தப்பா?"

ரசம் நாள்

அடுத்த புதன்கிழமை சொல்லாமல் போனேன். பட்டியலில் ரசம், தட்டிலும் ரசம். டீச்சரின் விரிப்பு நன்றாகக் கசங்கியிருந்தது. முனுசாமியின் கட்டில் காலி. மணியை அமுக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் ஆவதற்குள் ஒரு பெண் வந்து, மணியை நிறுத்தி, டீச்சரைத் தூக்கி நிறுத்தி, பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மலையைப் பெயர்த்தவன் மாதிரி நாற்பத்தொன்றில் டிக் போட்டு, இப்போது திருப்தியா என்று டீச்சரைக் கேட்டேன்.

"இனிமே விழமாட்டேன் சார், அந்த பயம் போச்சு. ஆனா அவர் வந்தா 'இன்னா டீச்சரம்மா'ன்னு கேப்பாரு. அதுக்கு ஒரு கேள்வி சேக்க முடியாதா?"

மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்; மணியைச் சோதிக்க ஒரு விரல் போதும், யார் வருகிறார்கள் என்று தெரிய உட்கார வேண்டும், எங்கள் படிவத்தில் உட்காருவதற்குத்தான் கட்டம் இல்லை.