கடைமடையில் ஒரு சோதனை வயல்

தொண்ணூறுகளின் நடுவில் நெல் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்தேன். புதிய ரகங்களை விவசாயிகளின் வயலிலேயே நட்டுப் பார்க்க, தாமிரபரணிப் பாசனத்தில் மூன்று இடங்கள் வேண்டும். அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் வயல் கிடைத்துவிட்டது. மூன்றாவதைத் தேடி, பிசானப் பருவ நடவுக்கு முன்பு ஒரு காலையில் நானும் என் அதிகாரியும் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஜீப்பில் போனோம்.

அப்போது எனக்கு மூன்றாம் மாதம். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சாலையோரத்தில் ஒரு வயல் அதிகாரிக்குப் பிடித்துப்போயிற்று. சமமான நிலம், பக்கத்திலேயே மதகு. எனக்கு மனம் ஒப்பவில்லை. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல் ஒன்றாவது வேண்டும் என்றேன். "சரிம்மா, பாப்போம்" என்று கூடவே நடந்தார்.

வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு கணவனும் மனைவியும் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னோம். அவர் தயங்கினார்.

"ஒரே வயல்ல எட்டு நெல்லுன்னா, ஒண்ணு முந்தி வெளையும், ஒண்ணு பிந்தி வெளையும். குருவி விடுமா?"

பதில் சொல்ல வாயெடுத்தபோது குமட்டியது. பூவரச மரத்துக்குப் பின்னால் ஓடினேன். வாந்தி எடுத்து நிமிர்ந்தால், அந்த அம்மா செம்பில் தண்ணீரோடு நின்றிருந்தார்.

"முழுகாம இருக்கியளாம்மா?"

தலையாட்டினேன்.

"அம்மாட்ட சொல்லியாச்சா?"

"அம்மா இல்லக்கா."

அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "பைய வாங்க" என்று கையைப் பிடித்து வரப்பில் கூட்டிவந்து, கணவரிடம், "குருவிய நான் பாத்துக்கிடுதேன். அவிய கேக்குத எடத்தக் குடுங்க" என்றார்.

திரும்பும்போது அதிகாரி கேட்டார்: "இங்க வந்து போறது சிரமம்லா?"

"கடைமடையிலயும் வெளஞ்சாத்தான சார் நம்பிக் குடுக்கலாம்."

அது உண்மைதான். அந்த அக்காவை மறுபடி பார்க்க வேண்டும் என்றிருந்ததும் உண்மை. அதை எப்படி அதிகாரியிடம் சொல்வது?

அறுப்புக்குப் போனபோது வயிறு நன்றாகத் தெரிந்தது. அக்கா வரப்போர மர நிழலில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். அம்பாசமுத்திரத்தில் செழித்த ரகம் இங்கே சோர்ந்துபோயிருந்தது. அங்கே சுமாராக வந்த ஒரு குட்டை ரகம் கதிர் கனத்து நின்றது.

"இதுல வெதைக்கு எடுத்துக்கிடலாமாம்மா?" என்று அந்த அண்ணாச்சியே கேட்டார்.

அடுத்த வருஷம் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். வயல் முழுக்க அந்த நெல்தான். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஜீப் கிளம்பும்வரை திருப்பித் தரவேயில்லை.