முன்னால் நகர்ந்த சீட்டு

ஐந்தரைக்கு எழுவேன். முகம் கழுவுவேன். கோப்பி கலக்குவேன், இரண்டு கோப்பை. ஒன்றைக் குடிப்பேன். மற்றதைத் தொட்டியில் ஊற்றுவேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ரவாங்கில் உள்ள அலுவலகத்துக்குப் போவேன். என் மனைவி ரமணி இறந்தபின் ஏழு மாதம் என் காலை இப்படித்தான் விடிந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் எதையாவது கற்பனை செய்துகொள்கிற ஆள் இல்லை. கல்லூரியில் வேதியியல் படித்தவன். குடிப்பதில்லை. இது 1984-இல், புக்கிட் பெலிம்பிங்கில், என் வீட்டுக் கொட்டகையில், இருட்டுவதற்கு முன்பே நடந்தது. நம்ப முடியாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கொட்டகையில் ஒரு காடி இருந்தது. பழைய எம்.ஜி. கார். இரண்டே பேர் உட்காரும், கூரையை மடக்கிவிடலாம். கலும்பாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வெள்ளைக்கார மானேஜர் விட்டுப்போனது. பங்களா ஷெட்டில் கோழி அடைந்து கிடந்ததை லோரியில் ஏற்றி வந்தேன். முன்பக்கம் நசுங்கியிருந்தது. எங்கே மோதியது, யார் ஓட்டியது என்று நான் கேட்கவில்லை. கல்யாணமான முதல் வருஷம் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டினேன். துருவைச் சுரண்டினேன். தகரத்தைத் தட்டி நிமிர்த்தினேன். எஞ்சினை இறக்கி ஏற்றினேன்.

அப்போதே எங்களுக்குள் ஒரு தகராறு. நான் ஆறடி. ஓட்டுகிற சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி வைப்பேன். காலையில் பார்த்தால் முன்னால் வந்திருக்கும். ரமணி குள்ளம். அவள் வேலைதான். நான் தூங்கியதும் போய் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிப்பாள்.

பிறகு ஒரு நாள் அவள் போன தொழிற்சாலை பஸ், மரம் ஏற்றிய லோரியில் மோதியது. அவ்வளவுதான்.

செத்தவர்கள் கனவில் வருவார்களாம். மாமியாருக்கு வந்தாள். அவள் அண்ணன் தனபாலனுக்கு வந்து, “அண்ணே, பசிக்குது” என்றாளாம். எனக்கு மட்டும் வரவில்லை. ஒரு நாள்கூட. கட்டியவன் என்ன, அந்நியனா? எனக்கு அவள்மேல் அப்படிக் கோபம் வந்தது.

நான்காவது மாதம் ஒரு காலையில் கொட்டகையைத் திறந்தேன்.

சீட்டு முன்னால் வந்திருந்தது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைப் படையலை அவள் படத்துக்கு முன்னால் வைக்கவில்லை. காடிக்கு முன்னால் வைத்தேன். வாழையிலையில் சோறு, பொரித்த இறால் அப்பளமான கெரோப்போக், சீனி தூக்கலாகப் பால் கோப்பி. எல்லாம் அவளுக்குப் பிடித்தது. “ரமணி, வந்து சாப்பிடு” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. விடிய விடிய இருந்தும் அந்தக் கோப்பியில் ஓர் எறும்புகூட ஏறவில்லை.

தனபாலன் ஒரு தடவை பார்த்துவிட்டான்.

“காடிக்குப் படையலா? மச்சான், ஒனக்கு மண்ட கழண்டு போச்சுலா. வித்துத் தொல.”

“ஒன் அப்பன் வீட்டுக் காடியா? வேலயப் பாரு.”

வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பெயிண்ட் அடித்தாயிற்று. ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு, இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவாய் மூச்சு விடும்படி திருகியாயிற்று. பிரேக் மட்டும் பாக்கி. அதன் குழாயில் நிற்கும் காற்றை எடுக்க வேண்டும். தனி ஆளால் ஆகாது. ஒருவர் உள்ளே பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து, சக்கரத்தில் உள்ள திருகைத் தளர்த்த வேண்டும். எண்ணெயோடு குமிழி வரும். திருகை மூடிவிட்டு “விடு” என்று சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்கலாம்.

சனிக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தான் தனபாலன். ஐந்தாயிற்று. வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைச் சத்தத்தில் வெளியே நடப்பது ஒன்றும் கேட்கவில்லை. நான் பின்சக்கரத்தடியில் கிடந்தேன். கையில் ஸ்பேனர். எல்லார்மேலும் எரிச்சல். அவன்மேல், அந்த லோரிமேல், அவள்மேல்.

“ஒருத்தரும் வர மாட்டீங்க இல்ல? மிதி!” என்று கத்தினேன்.

பெடல் ஸ்பிரிங் முனகியது. என் கை பழக்கத்தில் திருகைத் தளர்த்தியது. எண்ணெய் சீறியது. குமிழி... குமிழி... குமிழி...

வந்துவிட்டான் என்று நினைத்தேன். திருகை மூடினேன்.

“விடு.”

டக். பெடல் எழுந்தது.

“எப்படா வந்த?”

காடியின் அடியிலிருந்து தலையைத் திருப்பினேன். வாசல்வரை சிமெண்டுத் தரை தெரிந்தது. வெளியே அப்படி மழை. தரையில் ஓர் ஈரத் தடம்கூட இல்லை.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

“இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா ஒனக்கு? மிதி.”

மிதித்தாள்.

“விடு.”

விட்டாள்.

சக்கரம் சக்கரமாக ஊர்ந்தேன். திட்டிக்கொண்டே. உள்ளே பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று...

கடைசிச் சக்கரம். மூடினேன்.

“விடு.”

விடவில்லை.

“விடு, ரமணி.”

பெடல் இன்னும் அழுந்தியது. கிர்ர்ர்... மேலே மூச்சுச் சத்தம். வாயால் இழுக்கும் மூச்சு. மிரண்டுபோனவளின் மூச்சு...

எழுந்தேன்.

சீட்டில் யாரும் இல்லை.

சீட்டு கடைசிவரை முன்னால்.

பெடல் தரையோடு தரையாக...

கையை விட்டு இழுத்தேன். வரவில்லை.

பெடல் ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது.

மழை விட்டதும் டக் என்று அதுவாக எழுந்தது. அன்று இரவு, ஏழு மாதத்துக்குப் பிறகு, வயிறு நிறையச் சாப்பிட்டேன். அவள் வந்துவிட்டாள்.

மறுவாரம் தனபாலன் ஒரு பெரியவரைக் கூட்டி வந்தான். பெயர் ரெங்கசாமி. காடி கிடந்த தோட்டத்தில் முன்பு கணக்கெழுதும் கிராணி. அதற்கு மறுபடி உயிர் வந்ததைப் பார்க்க வந்தவர், கொட்டகை வாசலைத் தாண்டவில்லை.

“பிரேக்கு புடிக்குதா தம்பி?”

“நல்லாப் புடிக்குது.”

“அன்னைக்குப் புடிக்கல,” என்றார். “பங்களா ஆயா அன்னம்மா. தொரைதான் ஓட்டப் பழக்கி விட்டாரு. மேட்டுலேர்ந்து எறங்கறப்ப பிரேக்கு போயிருச்சு. மரத்துல அடிச்சு அங்கயே முடிஞ்சிட்டா. தொரை எல்லாத்தயும் அமுக்கிட்டு அவரு ஊருக்குக் கப்பல் ஏறிட்டாரு.”

தனபாலன் என் முகத்தைப் பார்த்தான்.

“குள்ளப் பொண்ணு தம்பி. சீட்ட முன்னுக்கு இழுத்தாத்தான் காலு எட்டும். தூக்கறப்ப நானும் இருந்தேன். பெடல்லேர்ந்து அந்தக் கால எடுக்கவே முடியல.”

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். மூன்று மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் சோறு போட்டு அழைத்தேன். யாரை?

காடி இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது. ஓட்டவில்லை. சீட்டைத் தொடுவதும் இல்லை. ரமணி இன்றுவரை என் கனவில் வரவில்லை.

அவள் போன அந்தக் காலையிலும் சீட்டு முன்னால் வந்திருந்தது. அன்றும் அவளைத்தான் கேட்டேன். தெருவில் பஸ் ஹார்ன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டே, எரிச்சலோடு சொன்னாள்:

“எத்தன தடவ சொல்றது? அந்தக் காடியில நான் ஒரு நாளும் ஏறினதே இல்லங்க.”