எட்டு நாள் நீலம்

பஞ்சலிங்கம் சண்டிலிப்பாயில் புகையிலை வைத்தவன். ஐம்பத்தெட்டு வயது. நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள். அவனுக்குக் கணக்கு வராது, எனக்குப் பொறுமை வராது. நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வண்டியில் தள்ளிக்கொண்டுபோகும் அற்றெண்டன் வேலையை இருபத்தாறு வருஷம் பார்த்து ஓய்ந்து வந்தபோதும் அவன் அதே தோட்டத்தைத்தான் கொத்திக்கொண்டிருந்தான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன்.

அவனுடைய ஒரே மகன் நிருஷன் ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டான். ‘நாளைக்குக் காட்டுக்குள்ளாலை நடக்கிறம் அப்பா’ என்று போனில் ஒரு குரல் பதிவு அனுப்பினான். அதோடு சரி. நாலு மாதம் ஒரு செய்தியும் இல்லை.

பஞ்சலிங்கத்தின் மனைவி சிவகௌரி சாத்திரியாரிடம் ஓடினாள். அவர் சாதகக் குறிப்பைப் புரட்டிவிட்டு, தகப்பனுக்கு ஏழரைச் சனி, அதுதான் பிள்ளையை மறித்து நிற்கிறது, தகப்பன் நீலக்கல் போட்டால் வழி திறக்கும் என்றார். சனியைப் போல் கொடுப்பாரும் இல்லை கெடுப்பாரும் இல்லை என்று ஒரு பழமொழியையும் அவிழ்த்துவிட்டார். பழமொழி சொல்ல அவருக்கு என்ன செலவு?

சிவகௌரி தன் காப்பைக் கழற்றி விற்றாள். அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி கஜானன் இரத்தினபுரிக்குப் போய்க் கல்லை வாங்கி வந்தான். பொய் சொல்லக்கூடாது, அழகான கல். கடலை அளவுதான் இருக்கும். வெயிலில் பிடித்தால் சங்குப்பூ நிறம். உள்ளே பட்டுநூல் போல மெல்லிய கோடுகள். வைரத்தைத் தவிர இதைக் கீற வேறு கல் இல்லை என்றான் கஜானன். சிவகௌரி அதை ஒரு கோப்பைப் பாலில் போட்டுப் பார்த்தாள். நல்ல நீலமென்றால் பாலில் நீலம் ஓடுமாம். ஓடியது என்று அவள் சொன்னாள். எனக்குப் பால் பாலாகத்தான் தெரிந்தது.

மற்றக் கற்களை வாங்கினால் அன்றைக்கே போடலாம். நீலத்தை அப்படிப் போட முடியாது. மோதிரத்தில் பதிக்க முன் எட்டு நாள் சோதிப்பார்கள். சனிக்கிழமை விடிய நீலத் துணியில் முடிந்து வலது புயத்தில் கட்டி, அடுத்த சனிக்கிழமை வரை பார்க்க வேண்டும். அதற்குள் காயம், காய்ச்சல், கெட்ட கனவு எது வந்தாலும் கல் சேரவில்லை என்று அர்த்தம். அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சிவகௌரி கல்லைக் கட்டிவிட்டதிலிருந்து அந்தக் கிழமை முழுக்க அவன் பட்ட பாடு பெரும்பாடு. கீறல் படும் என்று சவரம் செய்யவில்லை. முள்ளுக்குப் பயந்து செருப்போடு தோட்டத்தில் இறங்கினான். கனவு ஏதும் கண்டாயா என்று கேட்டேன். “நித்திரையே வருகுதில்லை மச்சான், பிறகெங்கை கனவு” என்று சிரித்தான்.

புதன்கிழமை காலை கிணற்றடியில் குந்தியிருந்தான். சட்டை முழுக்க வியர்வை. இடது கை தோளிலிருந்து விரல்மட்டும் இழுக்கிறது, நெஞ்சை ஆரோ மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்றான்.

“எழும்பு. ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“சனிக்கிழமை போவம் மச்சான்.”

“உனக்கென்ன விசரே?”

“இண்டைக்குப் போனா அவள் கல்லை அவிழ்த்துப் போடுவாள். பிறகு பெடியன் வரமாட்டான் எண்டு யோசிச்சு யோசிச்சே செத்துப்போவாள். இன்னும் மூண்டு நாள்தானே. நீ வாய் திறக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். இப்படிக் கை இழுத்து வந்த எத்தனை பேரை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடியிருப்பேன்! எல்லாம் தெரிந்தவன் நான். ஆனால் நிருஷன் என் மடியில் வளர்ந்த பிள்ளை. கல்லை நம்பாத எனக்கும் அந்த மூன்று நாளைக் கெடுக்கப் பயமாக இருந்தது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை முற்பகல், புகையிலைக் கன்றுகளுக்கு நடுவில் விழுந்தான். நான் ஓடிப்போனபோது மூச்சு இல்லை. புயத்தில் முடிச்சு கட்டினபடியே இருந்தது.

செத்தவீட்டில் எல்லோர் வாயிலும் கல்தான். நீலம் சேரவில்லையாம், எட்டு நாள்கூடப் பொறுக்கவில்லையாம். சாத்திரியாரும் வந்து பந்தலில் இருந்து, “சோதிக்கச் சொன்னது உதுக்குத்தானே” என்றார். கன்னத்தைப் பொத்தி ஒன்று விடலாம் போலிருந்தது. நான் என்ன யோக்கியனா? சிவகௌரி பிரேதத்தின் தலைமாட்டில் இருந்து, “நான்தான் கொண்டுவந்து கட்டினனான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டி. மகன் செய்ய வேண்டிய கிரியையைக் கஜானன் செய்தான். நிருஷனிடமிருந்து அதுவரை ஒரு சொல்லும் வரவில்லை. சிவகௌரி அந்தத் துணி முடிச்சைக் கடலில் எறியவென்று கையோடு கொண்டுவந்திருந்தாள். அவள் தன்னைத்தானே கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

“தங்கச்சி, கல்லிலை ஒரு பிழையுமில்லை. புதன்கிழமையே அவனுக்கு நெஞ்சு நொந்தது. சனிக்கிழமை வரைக்கும் உனக்குச் சொல்லாதை எண்டு சத்தியம் வாங்கினவன். நான்தான் பாவி.”

மண் அள்ளித் தூற்றுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

“எனக்குத் தெரியும் அண்ணை” என்றாள். “செவ்வாய்க்கிழமையே கண்டிட்டன். சாமியறைக் கதவைப் பிடிச்சுக்கொண்டு நெஞ்சைத் தடவினவர். கேட்டா நோகுது எண்டு சொல்லிப்போடுவார், கல்லை அவிழ்க்க வேண்டிவரும். அதுதான் நான் ஒண்டும் கேக்கேல்லை. சோத்தைப் போட்டுக் குடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பினனான்.”