மொட்டைமாடியிலிருந்து ஒரு ‘ஊட்டா ஆய்த்தா?’

கோதண்டம் அண்ணன் போய்விட்ட செய்தி, அவர் ரேடியோப் பெட்டியிலிருந்தே வந்தது, அவர் மனைவி எழுதி. “சகுந்தலா எழுதறேன். காலையில தூக்கத்துலயே தவறிட்டார்.” எங்கள் குழுவில் எல்லோரும் அதைப் படித்தோம். ஆனால் பதில் ஒன்றுதான் போனது. தொம்மலூர் ரஃபீக், “வரோம் அக்கா” என்று எல்லோர் சார்பிலும் எழுதினார். ஒரு சேதிக்கு ஒருவர் பதில் சொன்னால் போதும் என்பது அண்ணன் வைத்த வழக்கம். அவர் சாவுச் செய்திக்கும் அதை மீறவில்லை.

அவரும் நானும் பொம்மசந்திராவில் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம். அவர் மெயின்டனன்ஸ், நான் குவாலிட்டி. அவர் சரிசெய்த மெஷினில் நான் குறை கண்டுபிடிப்பேன். கேன்டீனில் அதற்குச் சண்டை போட்டுவிட்டு ஒரே மேஜையில் சாப்பிடுவோம். அங்கேதான் அந்த ரேடியோப் பெட்டிகளைப் பற்றிச் சொன்னார். உள்ளங்கையளவு பெட்டி, ஒரு பேட்டரி, ஒரு ஆன்டெனா. சிம்மும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். ஒரு பெட்டிக்குக் கேட்ட குறுஞ்செய்தியை அது அடுத்ததற்குத் திருப்பிச் சொல்லும். அப்படியே ஊரைத் தாண்டும். ஜோகுபாளையத்தில் அவர் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே குழாய் நட்டு ஒன்றை வைத்திருந்தார். அந்தக் குழாயைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்கள் ‘டெஸ்ட்’ என்று அனுப்புவோம். அவருக்கு அது பிடிக்காது. தினமும் காலையில் “ஊட்டா ஆய்த்தா?” என்று அனுப்புவார். சாப்பாடு ஆயிற்றா என்று இந்த ஊரே கன்னடத்தில் கேட்கிற கேள்வி. “சேதி போச்சுன்னு டிக் விழுந்தா போதுமா? அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு தெரிய வேணாமா?” என்பார்.

ஈஜிபுராவில் தரைத்தள வீட்டில் என் அப்பா தனியாக இருந்தார். முழங்கால் ஆபரேஷன் ஆனவர். அவரிடமும் ஒரு பெட்டி இருந்தது. ஒரு மழை நாளில் அந்தத் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தப் பகுதியில் கரண்டும் இல்லை, மொபைலும் இல்லை. நான் பொம்மசந்திராவில் மாட்டிக்கொண்டேன். லீவில் வீட்டில் இருந்த அண்ணனுக்குப் போன் செய்தேன். அப்பாவுக்கு அவர் அனுப்பிய எதுவும் போய்ச் சேரவில்லை.

கோளாறு எங்களால்தான். தன் பெட்டிதான் ஊருக்கு உதவ வேண்டும் என்ற ஆசையில் ஒவ்வொருவரும் அதை ரவுட்டராக மாற்றிவைத்திருந்தோம். சாதாரணப் பெட்டி, வேறொன்று முந்திச் சொல்லிவிட்டால் சும்மா இருக்கும்; ரவுட்டர் என்றால் காதில் விழுந்ததையெல்லாம் முந்திக்கொண்டு திருப்பிச் சொல்லும். சாதாரண நாளில் தெரியாது. அன்று எல்லோரும் எல்லோரையும் விசாரிக்க, கல்யாண வீட்டுப் பந்தி போல ஒரே இரைச்சல்.

“எல்லாரும் திருப்பிச் சொல்லிட்டே இருந்தா கேக்கறது யாரும்மா? மொதல்ல என்னோடத எறக்கறேன்” என்றார். அவ்வளவு உயரத்தில் நட்டு வைத்ததை முதல் ஆளாகச் சாதாரணப் பெட்டியாக மாற்றினார். பிறகு போன் கிடைத்தவர்களையெல்லாம் அழைத்து, கெஞ்சியும் திட்டியும் இறங்க வைத்தார். அவருக்கும் ஈஜிபுராவுக்கும் நடுவில் இருந்த ரஃபீக் பெட்டியை மட்டும் விட்டுவைத்தார். இரைச்சல் அடங்கியதும் அப்பாவுக்கு வழக்கம்போல “ஊட்டா ஆய்த்தா?” என்று அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் வந்த பதிலைப் போனில் எனக்குப் படித்துக் காட்டினார். “ஆச்சு. மேல் வீட்ல இருக்கேன். பிசிபேளேபாத். உப்பு கம்மி.”

நான் அழுதேன். அண்ணன் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் தன் பெட்டியை ரவுட்டராக மாற்றவே இல்லை. அவ்வளவு உயரமான குழாய் வீணாகிறதே என்று சீண்டினால், “கேக்கறதும் வேலைதான்ம்மா” என்பார். இன்று மீட்டிங்கில் வாய் திறக்குமுன் ஒரு நொடி தாமதிக்கிறேன் என்றால் அது அவர் கொடுத்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான் என்று இதை எழுதி முடிக்க நினைத்திருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் காலை, கோதண்டம் என்ற பெயரில் என் பெட்டி ஒளிர்ந்தது. “ஊட்டா ஆய்த்தா?” சகுந்தலா அக்காதான். ஒருவர் பதில் சொன்னால் போதும் என்பது அன்று யாருக்கும் நினைவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ‘ஆச்சு அக்கா’ என்று அனுப்பினோம். எல்லாம் அடைத்துக்கொண்டது. என் பதில் அக்காவிடம் போய்ச் சேர மத்தியானம் ஆயிற்று. யாரும் எதையும் சரிசெய்யப் போகவில்லை.